பர்கரின் கடிகாரம்

எங்கள் லேபில் இருந்த ரோபோவுக்குக் கொரோனா என்று ஒன்று வந்துபோனதே தெரியாது. 2020 மார்ச்சில் கல்லூரியை மூடச் சொன்ன அன்று அணைத்து அலமாரியில் வைத்தது. லேபை மறுபடி திறந்தது, இரண்டாம் அலை ஓய்ந்து தமிழ்நாட்டில் கல்லூரிகள் திறந்த 2021 செப்டம்பர் 1ஆம் தேதி. பூட்டைத் திறந்து, தூசி தட்டி, மின்சாரம் கொடுத்து, திரை ஒன்றை மாட்டி, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டோம். கூசாமல் 2020 மார்ச் என்றது.

அதைக் குறை சொல்ல முடியாது. அதற்குள் மூளையாக இருந்தது ராஸ்பெரி பை 3. சாதாரணக் கணினியின் மதர்போர்டில் காசு வடிவில் சின்னதாக ஒரு பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது அதுதான். ராஸ்பெரி பை 3இல் அது கிடையாது. (2023இல் வந்த பை 5இல்தான் கடிகாரச் சுற்றை போர்டிலேயே வைத்தார்கள். அதற்கும் பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.) அதனால் அணைக்கும்போது கடைசி நேரத்தை எஸ்டி கார்டில் எழுதி வைத்துக்கொண்டு, எழும்போது அங்கிருந்தே எண்ணத் தொடங்கும். இணையம் கிடைத்தால் யாரிடமாவது மணி கேட்டுத் திருத்திக்கொள்ளும். கிடைக்காவிட்டால் தூங்கப்போன நிமிடத்திலேயே விழிக்கும்.

"ஆல் பாஸ் போட்டதுகூட இதுக்குத் தெரியாதுங்க சார்" என்றான் கூட இருந்த மூன்றாம் ஆண்டுப் பையன். அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியிருந்தவர்கள் தேர்ச்சி என்று 2020 ஆகஸ்டில் வந்த அறிவிப்பைச் சொன்னான். அவனுக்கும் அதில் ஏதோ பங்கு இருந்திருக்கும் போலிருக்கிறது. நான் கேட்கவில்லை.

கோயம்புத்தூருக்கு வெளியே, காற்றாலைகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. எலெக்ட்ரானிக்ஸ் துறையில் ரோபாட்டிக்ஸ் லேப் என் பொறுப்பில் இருந்தது. லேப் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மேசை, ஓர் அலமாரி, சுவரோரம் பழுதான டிரில் மெஷின், நடுவில் டர்ட்டில்பாட்3. கொரியாவின் ரோபாட்டிஸ் நிறுவனம் 2017இல் கொண்டுவந்த சின்ன ரோபோ அது. அதில் எங்களிடம் இருந்த வகைக்கு 'பர்கர்' என்று பெயர். ஒரு கிலோ எடை, ஒரு சாண் உயரம், இரண்டு சக்கரம். கீழ்த்தட்டில் மோட்டார்களும் பேட்டரியும், அதற்கு மேல் சக்கரங்களை ஆளும் ஓப்பன் சிஆர் போர்டு, அதற்கு மேல் ராஸ்பெரி பை, உச்சியில் விடாமல் சுற்றி லேசரால் தூரம் அளக்கும் லைடார். அடுக்கடுக்காக இருப்பதால் பர்கர். முழு வேகத்தில் விட்டாலும் நொடிக்கு 22 சென்டிமீட்டர்தான் போகும். வராண்டாவில் அதோடு நடந்தால் நாம்தான் நின்று நின்று போக வேண்டும்.

டர்ட்டில்பாட் வரிசையின் முதல் ரோபோ 2010இல் கலிஃபோர்னியாவில் வில்லோ கராஜ் என்ற ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ராஸ் என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் ரோபோ ஆப்பரேட்டிங் சிஸ்டம் வளர்ந்ததும் அங்கேதான். பெயரில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று இருந்தாலும் ராஸ் அது இல்லை. லினக்ஸின் மேல் உட்கார்ந்து, லைடார் சொல்வதை வரைபடம் போடும் நிரலுக்கும் அது சொல்வதைச் சக்கரத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் தபால் ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். ராஸின் ஒவ்வொரு பதிப்பும் உபுண்டு லினக்ஸின் ஏதாவது ஒரு பதிப்போடு தாலி கட்டிக்கொண்டது. உபுண்டு 16.04க்குக் கைனெட்டிக், 18.04க்கு மெலடிக், 20.04க்கு நொயெட்டிக். ஒன்று ஓய்வுபெற்றால் மற்றதும் கூடவே போகும். 16.04, கைனெட்டிக் இரண்டுக்குமான ஆதரவு 2021 ஏப்ரலோடு முடிந்திருந்தது. எங்கள் பர்கரில் இருந்தது அந்த ஜோடிதான். பையன்களின் மடிக்கணினிகளிலோ அதற்குள் 20.04 வந்துவிட்டது. ஆக, பர்கரின் லினக்ஸை அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்பதில் கேள்வியே இல்லை.

முதலில் பேட்டரி. திறந்து பார்த்தால் லிப்போ பேட்டரி உப்பிப் போயிருந்தது. ஒன்றரை வருடம் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் அப்படித்தான் ஆகும். லேப் அண்ணா அதைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசவில்லை. வராண்டாவில் தொங்கிய சிவப்பு மணல் வாளியை எடுத்துவந்து, பேட்டரியை அதில் புதைத்து, வெயில் படாத மூலையில் வைத்துவிட்டு வந்தார். "பத்த வச்சா நிக்காதுங்க சார் இது" என்றார். நல்லவேளையாக ரோபோவோடு வந்த 12 வோல்ட் அடாப்டர் பத்திரமாக இருந்தது. வயரோடு இருக்கும் வரை ஓடவிட முடியாது, வேலை செய்யலாம்.

பழைய கார்டை அப்படியே அழித்துவிடலாம் என்று பையன் பரபரத்தான். அழிப்பதற்கு முன் படிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். எங்கே கற்றேன் என்று நினைவில்லை, ஆனால் அந்தப் பிடிவாதம் எனக்கு உண்டு. புதிதாக லினக்ஸ் போடுவது எப்படி என்று மேனுவலில் இருக்கும். அந்த இயந்திரத்தோடு இரண்டு வருடம் மாரடித்தவர்கள் அதற்குள் என்னென்ன செய்து வைத்தார்கள் என்பது எந்த மேனுவலிலும் இருக்காது. ஒருவர் காலிசெய்துவிட்டுப் போன வாடகை வீட்டில் சுவரெல்லாம் ஆணி இருக்கும். எதில் படம் மாட்டினார்கள், எதில் தொட்டில் கயிறு கட்டினார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. சுண்ணாம்பு அடிக்கிறேன் என்று எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் பிறகுதான் தெரியும்.

கார்டும் நல்ல நிலையில் இல்லை. ரோபோவை முறையாக அணைக்காமல் பேட்டரி வயரைப் பிடுங்கும் பழக்கம் எல்லாப் பையன்களுக்கும் உண்டு. கார்டில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் எழுதியது அரைகுறையாக நிற்கும். பல முறை அப்படி நடந்தால் ஒரு கட்டத்தில் லினக்ஸே பயந்துபோய், 'இனிமேல் படிப்பேன், எழுத மாட்டேன்' என்று கார்டைப் பூட்டிக்கொள்ளும். எங்கள் கார்டு ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் அந்த நிலைக்குப் போனது.

பூட்டிக்கொள்வதற்கு முன் கிடைத்த இடைவெளியில் பையன் என் போன் ஹாட்ஸ்பாட்டில் அதை இணைத்து அப்டேட் செய்து பார்த்தான். வந்த பதிலை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மென்பொருள் கிடங்கிலிருந்து வந்த கோப்பைப் பார்த்து, 'இது இன்னும் செல்லுபடியாகவே தொடங்கவில்லை' என்றது பர்கர். அதன் கணக்கில் நாங்கள் எதிர்காலத்திலிருந்து வந்தவர்கள். தேதியைக் கையால் திருத்திக் கொடுத்தோம். உடனே தட்டை மாற்றிப் போட்டது: 'சாவி காலாவதியாகிவிட்டது'. ராஸ் மென்பொருள் கிடங்கு தன் கோப்புகளில் கையொப்பமிடும் சாவி அந்த 2021ஆம் வருட நடுவில்தான் காலாவதியானது. உலகம் முழுவதும் பலருக்கு அப்டேட் நின்றுபோய், புதுச் சாவி போட்டுக்கொண்டார்கள். எங்கள் பர்கர் அப்போது அலமாரிக்குள் இருந்தது. இன்னொன்றும் விசித்திரமாக இருந்தது. ஹாட்ஸ்பாட்டில் இணையம் கிடைத்த பிறகும் அது தானாக நேரத்தைத் திருத்திக்கொள்ளவே இல்லை. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

கார்டைக் கழற்றி மடிக்கணினியில் செருகி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் அதைப் பிம்பமாக எடுத்தோம். சாதாரணமாக நகலெடுக்கும் நிரல் கெட்ட இடம் வந்தால் முட்டிக்கொண்டு நிற்கும். இது கெட்ட இடங்களைத் தாண்டிப் போய் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, பிறகு திரும்பி வந்து விட்டதை விடாமல் சுரண்டும். சாயங்காலத்துக்குள் 16 ஜிபி கார்டு ஒரே கோப்பாக என் மடிக்கணினிக்கு வந்துவிட்டது. பழைய கார்டைக் காகித உறைக்குள் போட்டு, மேலே 'அழிக்காதே' என்று எழுதி, அலமாரியில் வைத்தோம். புதுக் கார்டு ஒன்றை காந்திபுரத்தில் என் காசில் வாங்கிவந்தேன். கல்லூரியில் எழுதிக் கேட்டு வாங்குவது வேறு வகையான பொறியியல்.

உபுண்டு 20.04 சர்வர் பதிப்பைக் கார்டில் ஏற்றுவது ஒரு டீ நேர வேலை. ரோபாட்டிஸ் தயாராகவே ஒரு பிம்பம் தந்தது, அதைப் போட்டிருந்தால் இன்னும் சுலபம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பையனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அடியிலிருந்தே போகச் சொன்னேன். அதற்கு அவன் என்னை மனதுக்குள் என்னவெல்லாம் திட்டினான் என்பது அவன் காதுமடல் சிவந்ததில் தெரிந்தது.

முதல் இடறல் வைஃபை. சர்வர் பதிப்பில் டெஸ்க்டாப் கிடையாது என்பதால் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். அந்தக் கோப்பு இடைவெளிக்குக் கணக்குப் பார்க்கும் ஜாதி. வரி எத்தனை எழுத்து உள்ளே தள்ளித் தொடங்குகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். டேப் விசையைத் தட்டினால் ஏற்காது, ஸ்பேஸ் பாரால்தான் தள்ள வேண்டும். அதைச் சரிசெய்தும் பர்கர் நெட்வொர்க்கில் வரவில்லை. பையனின் புது போன் 5 ஜிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் போட்டிருந்தது; பை 3க்குக் கேட்பது 2.4 மட்டும். லேப் அண்ணாவின் பழைய போனை வாங்கி அதில் போட்டதும் உடனே வந்தது. "பாத்தீங்களா, நம்முது பழசுனு சிரிச்சீங்க" என்றார் அண்ணா.

கல்லூரி வைஃபையை ஏன் பயன்படுத்தவில்லை என்றால், அதில் சேர ஒரு வலைப்பக்கத்தில் ரோல் நம்பர் போட வேண்டும். பர்கருக்கு ரோல் நம்பரும் இல்லை, பிரவுசரும் இல்லை. அதனால்தான் லேபில் தனியாக ஒரு ரவுட்டர் வைத்திருந்தோம். ரோபோவும் மடிக்கணினியும் பேசிக்கொள்ள மட்டும். அதில் இணையம் கிடையாது.

பிறகு வரிசையாகச் சின்னச் சின்ன எரிச்சல்கள். எதையாவது நிறுவப் போனால், 'வேறொரு நிரல் பூட்டி வைத்திருக்கிறது' என்று நிற்கும். பின்னணியில் உபுண்டு தானாக அப்டேட் செய்துகொண்டிருக்கும். அதை நிறுத்த வேண்டும். அடுத்து, நெட்வொர்க் வரும்வரை காத்திருக்கிறேன் என்று ஒவ்வொரு முறை எழும்போதும் இரண்டு நிமிடம் சும்மா நிற்கும். அதையும் முகமூடி போட்டு மூட வேண்டும். நொயெட்டிக் வந்து உட்கார்ந்தது. ஓப்பன் சிஆர் போர்டுக்கு நொயெட்டிக்குக்கென்று தனி ஃபர்ம்வேர். அதை ஏற்றும் கருவியோ 32 பிட் காலத்தது. நாங்கள் போட்டதோ 64 பிட் உபுண்டு. பழைய நூலகக் கோப்பு ஒன்றைக் கூடவே கூட்டிவந்து உட்காரவைத்த பிறகுதான் அது வாயைத் திறந்தது.

ஃபர்ம்வேர் ஏறியதும் போர்டில் இருக்கும் பொத்தான்களால் சோதிக்கலாம். இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. லினக்ஸும் வேண்டாம், ராஸும் வேண்டாம். முதல் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ரோபோ 30 சென்டிமீட்டர் முன்னால் போகும், இரண்டாவதை அழுத்தினால் நின்ற இடத்தில் 180 பாகை திரும்பும். சக்கரமும் போர்டும் நலமா என்று தெரிந்துவிடும். புது பேட்டரி வந்திருந்ததால் தரையில் விட்டோம். போனது. அளவுகோல் வைத்துப் பார்த்தால் 30க்குக் கொஞ்சம் குறைவு. "ஸ்கேல் நேராப் பிடிக்கலைங்க சார்" என்றான் பையன். அணைத்துவிட்டு, எல்லோருமாக கேட்டுக்கு எதிரே இருக்கும் பேக்கரிக்கு டீ குடிக்கப் போனோம்.

திரும்பிவந்து லேப் ரவுட்டரில் இணைத்து எழுப்பினோம். லைடார் சுற்றியது, சக்கரம் மடிக்கணினியின் விசைகளுக்குக் கட்டுப்பட்டது. ஆனால் ரோபோ பார்ப்பதை மடிக்கணினியில் காட்டும் ஆர்விஸ் திரையில் வரைபடத்தின் மீது சிவப்புப் புள்ளிகளாக விழ வேண்டிய லைடார் அளவுகள் எங்கேயும் இல்லை. போகவேண்டிய இடத்தைச் சொடுக்கினால் பர்கர் அசையவில்லை. டெர்மினலில் மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கைகள் அருவியாகக் கொட்டின: 'நூறு விழுக்காடு செய்திகளையும் கைவிட்டேன்'. சக்கரத்தை விசையால் நகர்த்தினால் நகர்கிறது, தானாகப் போ என்றால் போக மாட்டேன் என்கிறது.

ராஸில் பயணிக்கும் ஒவ்வொரு செய்தியின் மேலும் அது கிளம்பிய நேரம் முத்திரையாக இருக்கும். ரோபோ அந்தக் கணத்தில் எங்கே இருந்தது என்பதோடு பொருத்திப் பார்த்துத்தான் அந்த அளவை வரைபடத்தில் எங்கே வைப்பது என்று மடிக்கணினி முடிவுசெய்யும். அந்த இருப்பிடக் கணக்கைக் கடைசி 10 நொடிக்கு மட்டும் நினைவில் வைத்திருப்பது அதன் வழக்கம். அதைவிடப் பழைய முத்திரையோடு ஒரு செய்தி வந்தால் தூக்கி எறிந்துவிடும். இரண்டு கணினியிலும் தேதியைக் கேட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பர்கர் மிகச் சரியாக ஒரு பேக்கரி நேரம் பின்தங்கியிருந்தது. நாங்கள் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்ட நிமிடங்கள் அதன் வாழ்க்கையில் நடக்கவே இல்லை. காலையில் ஹாட்ஸ்பாட்டில் இருந்தவரை இணையத்தில் மணி கேட்டுக்கொண்டது. லேப் ரவுட்டரில் கேட்க யாரும் இல்லை.

கையால் நேரத்தைத் திருத்தினால் வேலை செய்தது, மறுபடி எழுப்பினால் பழைய குருடி கதைதான். அப்படியென்றால் இரண்டு வருடமாக இதே இணையமில்லாத ரவுட்டரில் பர்கர் எப்படி ஓடியது?

பழைய கார்டின் பிம்பத்தைத் திறந்தோம். க்ரோனி என்றொரு நிரல் அதில் நிறுவப்பட்டிருந்தது. கணினிகள் ஒன்றிடம் ஒன்று நேரம் கேட்டுக்கொள்வதற்கானது. அதன் அமைப்புக் கோப்பில், வழக்கமாக இருக்கும் இணைய நேர சர்வர்களின் முகவரிகள் எல்லாம் முன்னால் ஒரு குறி போட்டு முடக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குப் பதிலாக ஒரே ஒரு முகவரி, லேப் ரவுட்டரில் மடிக்கணினிக்கு ஒதுக்கிய எண். மேலே குறிப்பாக, ஆங்கில எழுத்தில் தமிழ்: 'லேப்டாப்பை முதல்ல போடவும். இல்லேன்னா பர்கர் நகராது'. ஹாட்ஸ்பாட்டில் இணைத்தும் அது 2020இலேயே நின்றதற்குக் காரணம் இதுதான். ஒரே ஒருவரிடம் மட்டும் மணி கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மடிக்கணினி கல்லூரியை விட்டே போய்விட்டது.

எழுதியது யார் என்று எனக்கு உடனே தெரிந்தது. 2020இல் முடித்துப்போன வகுப்பு. கடைசி வரிசையில் உட்கார்ந்து யாரோடும் அதிகம் பேசாத பெண். வைவாவில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போவாள். ரோபோ யாரால் ஓடுகிறது என்று அப்போது நாங்கள் யாரும் விசாரித்ததில்லை, ஓடியது. புராஜெக்ட் அறிக்கையில் வரைபடம் போடும் கணிதம் நாற்பது பக்கத்துக்கு இருக்கும். க்ரோனியைப் பற்றி ஒரு வரிகூட இருந்திருக்காது. அறிக்கைகளில் அதையெல்லாம் எழுத நாங்கள் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. எழுதினாலும் மார்க் கிடையாது.

பிம்பத்துக்குள் நாங்கள் இன்னும் துழாவினோம். ராஸ் தன் நாட்குறிப்பை விடாமல் எழுதிக் கார்டை நிரப்பிவிடும். வாரம் ஒருமுறை அதைத் துடைக்க ஓர் ஏற்பாடு. ரோபோவில் அல்ட்ராசோனிக் சென்சாருக்காக ஓர் ஆர்டுயினோவையும் கூடவே மாட்டியிருந்தார்கள். யூஎஸ்பியில் இரண்டு பொருள் செருகினால் எது முதலில் எழுகிறதோ அதற்கே லினக்ஸ் முதல் எண்ணைக் கொடுக்கும், ஒருநாள் லைடார் என்று நினைத்து ஆர்டுயினோவோடு பேசும். அது நடக்காமலிருக்க, ஒவ்வொரு பொருளின் அடையாள எண்ணையும் பார்த்து நிலையான பெயர் வைக்கும் விதி ஒன்று. பையன் அதையெல்லாம் வாய் பிளந்து படித்தான். "இதெல்லாம் சிலபஸ்ல எங்கங்க சார் வருது?" என்றான்.

க்ரோனியைப் புதுக் கார்டில் நிறுவி, எங்கள் மடிக்கணினியின் முகவரியைப் போட்டதும் திரையில் சிவப்புப் புள்ளிகள் சுவர்மீது கச்சிதமாக வந்து உட்கார்ந்தன. லேபை ஒரு சுற்று சுற்றியது. மேசைக் கால்கள், டிரில் மெஷின், அண்ணாவின் செருப்புகள் எல்லாம் வரைபடத்தில் விழுந்தன. தைரியம் வந்து வராண்டாவுக்குக் கொண்டுபோனோம். அங்கேதான் அடுத்த சிக்கல்.

வராண்டா வரைபடத்தில் நீண்டுவிட்டது. நிஜத்தில் இருப்பதைவிட அதிகம். லைடாருக்கு மூன்றரை மீட்டருக்கு மேல் கண் தெரியாது. லேபுக்குள் எப்போதும் ஏதாவது மூலை தென்படும், அதைப் பிடித்துக்கொண்டு நான் எங்கே இருக்கிறேன் என்று கண்டுகொள்ளும். நீண்ட வராண்டாவில் இரண்டு பக்கமும் வழுவழுவென்று சுவர்தான். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதற்குச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்ற கணக்கை மட்டும்தான் நம்ப முடியும். அந்தக் கணக்கு பிசகியிருந்தது.

அந்தப் பெண்ணுக்கே போன் போட்டேன். பெங்களூரில் கார்களுக்கு மென்பொருள் எழுதும் ஓரிடத்தில் இருந்தாள். கல்லூரியில் பேசாத பேச்செல்லாம் போனில் பேசினாள்.

"பர்கருங்களா? அது இன்னும் ஓடுதுங்களா சார்?"

"ஓடுதும்மா. வராண்டாதான் நீளுது."

"ஃபர்ம்வேர் புதுசா போட்டீங்களா?"

"ஆமா. நொயெட்டிக்."

"அப்ப போயிருக்கும்ங்க சார். டயர் தேஞ்சுபோச்சு, தனி டயர் வாங்க முடியல. அதனால ஃபர்ம்வேர்லயே சக்கரத்தோட ரேடியஸைக் குறைச்சுட்டேன்."

கம்பெனிக்காரன் எழுதிவைத்த ஆரம் 0.033 மீட்டர். தேய்ந்த சக்கரத்தின் ஆரம் அதைவிடக் குறைவு. ஒவ்வொரு சுற்றுக்கும் உண்மையில் போனதைவிடக் கொஞ்சம் அதிகம் போனதாக ரோபோ நினைத்துக்கொள்ளும். வராண்டா நீண்டது அதனால்தான். பொத்தானை அழுத்தியபோது 30 சென்டிமீட்டரில் குறைந்ததற்கும் அதே காரணம். பையனின் ஸ்கேல் நேராகத்தான் இருந்திருக்கிறது. அந்த எண் லினக்ஸிலேயே இல்லை, ஓப்பன் சிஆர் போர்டுக்குள் இருந்தது. புது ஃபர்ம்வேர் ஏறியபோது அழிந்தது.

"என்ன நம்பர் போட்டேன்னு ஞாபகம் இருக்காம்மா?"

"இல்லீங்க சார். ஹோம்ல ஆர்டுயினோ ஃபோல்டர்ல இருக்கும் பாருங்க. ஆனா அதை அப்படியே போட்டுடாதீங்க. அதுக்கப்புறமும் ஓடியிருக்கும்ல, டயர் இன்னும் தேஞ்சிருக்கும். நம்ம வராண்டா டைல்ஸ் ரெண்டடி. பத்து டைல்ஸ் ஓட்டிப் பாத்துக்குங்க." கொஞ்சம் நிறுத்தி, "டைம்க்கு ஆர்டிசி மாட்யூல் வாங்கலாம்னு அப்பவே லெட்டர் குடுத்தேன் சார். மூணு கொட்டேஷன் வேணும்னாங்க. சரின்னு க்ரோனில விட்டுட்டேன்."

ஆர்டிசி மாட்யூல் என்பது பேட்டரியோடு கூடிய சின்னக் கடிகாரச் சுற்று. டிஎஸ்3231 என்ற சிப் உள்ள வகை நல்லது. சில நூறு ரூபாய். அதற்கு மூன்று கடைக்காரர்களிடம் விலைப்புள்ளி வாங்கிவர ஆகும் பெட்ரோல் செலவு அதைத் தாண்டும். அந்தக் கடிதம் என் கையெழுத்தோடுதான் போயிருக்க வேண்டும். அலுவலகத்தில் எந்த ஃபைலில் உறங்குகிறதோ.

அவள் சொன்ன ஃபோல்டரில் அந்த எண் இருந்தது. அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு வராண்டாவில் பத்து டைல்ஸுக்குச் சாக்பீஸில் கோடு போட்டோம். ஆறு மீட்டர், பர்கர் முழு வேகத்தில் போனால் அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஓட்டுவது, தான் எவ்வளவு போனதாக அது சொல்கிறது என்று பார்ப்பது, எண்ணைக் கொஞ்சம் குறைப்பது, ஃபர்ம்வேரைத் தொகுத்து மறுபடி ஏற்றுவது, மறுபடி ஓட்டுவது. இடைவேளையில் வந்த இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் கோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்று கபடி மாதிரி கத்தினார்கள். ஒருவழியாகக் கோடும் கணக்கும் ஒத்துவந்தபோது அவள் போட்டிருந்ததைவிடக் குறைவான எண்ணில் நின்றோம். அவள் சொன்னபடியே டயர் இன்னும் தேய்ந்திருந்தது.

மாட்யூலை பையனே வாங்கிவந்தான், கொட்டேஷன் இல்லாமல். ராஸ்பெரி பையின் ஊசிகளில் மாட்டி, தொடக்கக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. இனி க்ரோனி எதற்கு, எடுத்துவிடலாமே என்றான். எடுக்க வேண்டாம் என்றேன். பேட்டரிக் கடிகாரம் எவ்வளவு நல்லதானாலும் தன் போக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். ரோபோவுக்குச் சரியான நேரம் அவ்வளவு முக்கியம் இல்லை, மடிக்கணினியும் அதுவும் ஒரே நேரம் சொல்வதுதான் முக்கியம். இரண்டுமே 1947 என்று சொன்னாலும் பர்கர் ஓடும். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் இரண்டையும் 1947க்குத் தள்ளப் பார்த்திருக்கிறான். லினக்ஸ் 1970க்குப் பின்னால் போக மறுத்துவிட்டது என்று சோகமாக வந்து சொன்னான். 1983இல் வைத்து ஓட்டிக் காட்டினான், கபில்தேவ் கோப்பை வாங்கிய நாளாம்.

க்ரோனி வரிகள், யூஎஸ்பி விதி, ஆரம், நாட்குறிப்பைத் துடைக்கும் ஏற்பாடு, மாட்யூலுக்கான வரி எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, எது எதற்கு என்று பக்கத்திலேயே தமிழில் எழுதச் சொன்னேன். எழுதினான். அவளுடைய குறிப்பையும் மாற்றாமல் சேர்த்தான். அந்த வருடம் அவன் புராஜெக்ட் அறிக்கையில் அது பின்னிணைப்பாகப் போனது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்கு மெக்கானிக்கலிலிருந்து ஒரு சார் வந்தார். வருடா வருடம் ஒரு துறையின் சாமான்களை இன்னொரு துறைக்காரர் வந்து பதிவேட்டோடு சரிபார்ப்பது வழக்கம். டர்ட்டில்பாட், ஒன்று. அடாப்டர், ஒன்று. பேட்டரி, ஒன்று; மணல் வாளியைக் காட்டினோம், எட்டிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். எஸ்டி கார்டு, 16 ஜிபி, ஒன்று.

"அது ரோபோலயே இருக்குங்களா?"

"இல்லீங்க சார். ரோபோல இருக்கறது வேற. நான் வாங்குனது."

"அப்ப ரெஜிஸ்டர்ல இருக்கற கார்டு?"

உறையை எடுத்துக் கொடுத்தேன். 'அழிக்காதே' என்பதைப் படித்துவிட்டு, கார்டை வெளியே எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, உள்ளே போட்டார். நிலை என்ற கட்டத்தில் 'நன்று' என்று எழுதினார். பர்கருக்குள் இருந்த கார்டுக்கும் மாட்யூலுக்கும் அவர் பட்டியலில் வரி இல்லை என்பதால் அவற்றைப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை. அடுத்து டிரில் மெஷின் பக்கம் போனார்.